அவரை எழுப்பலாமா?

யூனிசைக்கிளை சர்க்கஸில் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம், ஒரு சீட், இரண்டு பெடல். அவ்வளவுதான் வண்டி. மூக்கில் சிவப்பு உருண்டை ஒட்டிய கோமாளி அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் ஆடுவார். விழப்போகிறார், விழப்போகிறார் என்று நாம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போதே விழாமல் இறங்கி சலாம் போட்டுவிட்டுப் போவார். நாமும் கைதட்டிவிட்டு அடுத்த ஐட்டத்துக்கு மாறிவிடுவோம்.

அந்த வண்டியைக் காட்டுக்கும் மலைக்கும் கொண்டுபோய், கல்லிலும் மணலிலும் சேற்றிலும், பகல் ராத்திரி என்று பார்க்காமல் இருபத்து நாலு மணி நேரம் பந்தயம் ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதுவும் தனியாக இல்லை. நாலு நாலு பேராகச் சேர்ந்து, முறை வைத்துக்கொண்டு. "வேற வேலை இல்லையா இவங்களுக்கு?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் யோசிக்க யோசிக்க, அதற்குள்ளே ஒரு பழைய நியாயக் கேள்வி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வீட்டில், ஆபீஸில், கூட்டு வியாபாரத்தில் நாம் தினம் தாண்டிப் போகிற கேள்வி. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் கேட்கப்போகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கேள்வியின் கனம் தெரியாது.

சாதாரண சைக்கிளில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செயின் இருக்கிறது. இறக்கத்தில் காலை அசைக்காமல் உட்கார்ந்தால் போதும், வண்டி தானாக உருளும். யூனிசைக்கிளில் அந்தச் சலுகை கிடையாது. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கிறது. பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. கால் நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால், பெரும்பாலும், ஆள் கீழே. ஏற்றத்தில் மிதித்த கால்தான் இறக்கத்திலும் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் கூடுதலாக, சக்கரம் ஓடிவிடாமல் பின்னுக்கு அழுத்தியும் பிடிக்க வேண்டும். மலைக்கென்று செய்த வண்டிகளில் தடித்த டயரும், சீட்டுக்கு அடியில் ஒரு பிரேக் பிடியும் உண்டு. ஒரு கை சீட்டின் முனையைப் பிடித்திருக்கும். இன்னொரு கை காற்றில் துழாவிக்கொண்டிருக்கும், கூட்டத்தில் தெரிந்தவரைத் தேடுகிற மாதிரி.

நான் பி.காம். படித்தவன். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. 29 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். பாதை 24 கிலோமீட்டர் என்றால் பத்தாயிரம் தடவைக்கு மேல் மிதிக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றுகூட இனாம் கிடையாது. கியர் வைத்த வண்டிகளும் வந்துவிட்டன. ஃப்ளோரியன் ஷ்லும்ப் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அச்சுக்குள்ளேயே இரட்டை வேகம் வைத்தார். குதிகாலால் ஒரு பொத்தானைத் தட்டி மாற்ற வேண்டும். ஆனால் கல்லும் மேடுமான பாதையில் பெரும்பாலும் பழைய கணக்குதான்: ஒன்றுக்கு ஒன்று.

இதைக் கோமாளியிடமிருந்து வாங்கி மலைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. அலாஸ்காவில் ஜார்ஜ் பெக் என்பவர் 1980களிலேயே, இதற்கென்று வண்டி எதுவும் விற்காத காலத்தில், கரடுமுரடான இடங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கனடாவின் கிரிஸ் ஹோம். தொழிலில் புவியியல் நிபுணர். எரிமலைச் சரிவிலும் ஓட்டிவிட்டு, தன் பெயரிலேயே மலை யூனிசைக்கிள்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சர்வதேச யூனிசைக்கிள் சம்மேளனம் 1982ல் ஆரம்பித்தது. அதன் உலகப் போட்டிகளில் மலைப்பாதைப் பந்தயங்களும் இப்போது உண்டு. ஆக, விளையாட்டுத்தனமான விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இனி பந்தயம். 1992ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கனான் என்ற இடத்தில், லேர்டு நைட் என்பவர் இருபத்து நாலு மணி நேர மலை சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தினார். கார் பந்தயத்தில் இருந்த யோசனை. அவர் அதை சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1995லிருந்து யூட்டா மாநிலத்தில் மோப் என்ற பாலைவன ஊரிலும் நடத்தினார். அதுதான் ரொம்பப் பிரபலமாயிற்று. அக்டோபர் மாதம். செம்மணலும் பாறைப் படிகளுமாக ஒரு சுற்று ஏறக்குறைய 24 கிலோமீட்டர். சனிக்கிழமை பகல் 12 மணிக்கு ஆரம்பம், ஞாயிறு பகல் 12க்கு முடிவு. அணியிலிருந்து ஒருவர் மட்டும்தான் எந்த நேரமும் பாதையில் இருக்கலாம். அவர் சுற்றி வந்து கோட்டைத் தொட்டதும் அடுத்தவர் கிளம்ப வேண்டும். கெடு முடிவதற்குள் யார் அதிகச் சுற்று போட்டார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கொஞ்ச தூரம் கால்நடையாக ஓடிப்போய்த்தான் வண்டியை எடுக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் மட்டும் ஒற்றைச் சக்கரக்காரரும் இரட்டைச் சக்கரக்காரரும் சரிசமம்.

ஆமாம், இரண்டு சக்கரக்காரர்களுக்காக நடந்த அந்தப் பந்தயத்தில்தான் 2000களில் யூனிசைக்கிள் அணிகளும் பெயர் கொடுத்து ஓட்டின. இங்கிலாந்தில் ஜூன் மாதம் நடந்த மவுன்டன் மேஹெம் பந்தயத்திலும் அப்படியே. அங்கே மழை வந்து பாதை சேறானால் ஒரு வேடிக்கை நடக்கும். சைக்கிள்களின் கியருக்குள்ளும் செயினுக்குள்ளும் சேறு அப்பி, பல லட்ச ரூபாய் வண்டிகள் தோளில் ஏறிவிடும். செயினே இல்லாத வண்டியில் சேறு போய் அடைக்க இடம் ஏது? யூனிசைக்கிள்காரரும் இறங்கி நடப்பார், ஆனால் அவர் வண்டி லேசு. இது ஒரு சின்ன சந்தோஷம். மற்றபடி அவர்கள் பட்டியலின் மேல் பகுதிக்கு வரப்போவதில்லை என்பது பெயர் கொடுக்கும்போதே தெரிந்த விஷயம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கீழே வருவது என் கற்பனைக் கணக்கு. ஆனால் இப்படி ஓர் அணியில் நடக்கக்கூடிய கணக்கு.

நாலு பேர். மூன்று பேர் ஒரு சுற்றை இரண்டே கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள். நாலாமவருக்கு மூன்றே கால் மணி ஆகிறது. கொஞ்சம் வயதானவர், அல்லது கற்றுக்கொண்டு ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது, என்னவோ ஒன்று. பகல் 12க்கு ஆரம்பித்து ஆளுக்கு ஒரு சுற்று முடிய ராத்திரி 10 ஆகிவிடும். இரண்டாவது முறை ஆரம்பிக்கிறது. முதல் மூவரும் முடித்துக் கோட்டுக்கு வரும்போது விடிகாலை மணி நாலே முக்கால். இப்போது நாலாமவர் முறை. அவர் போய்விட்டு வந்தால் காலை 8. அதன்பிறகு ஒரு சுற்றுதான் முழுசாக முடியும். மொத்தம் ஒன்பது.

நாலேகாலுக்கு அவரை எழுப்பாமல் விட்டுவிட்டு, முதலாமவர் மறுபடி கிளம்பினால்? ஏழு, ஒன்பதேகால், பதினொன்றரை என்று மூன்று சுற்று முடியும். மொத்தம் பத்து. (பன்னிரண்டு மணிக்குள் முடிந்த சுற்றுதான் சேர்த்தி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த விதி பந்தயத்துக்குப் பந்தயம் மாறும்.)

ஆக, அந்த மனிதரின் விடிகாலைச் சுற்றின் விலை, அணிக்கு ஒரு முழுச் சுற்று. அவர் கூடாரத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே குளிர். எழுப்பலாமா, வேண்டாமா?

"இதிலென்ன கேள்வி? நாலு பேருக்கு லாபம்னா ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும்" என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது. அலுவலகமும் அப்படித்தான். நன்றாகப் பேசுகிறவனைக் கூட்டத்துக்கு அனுப்புகிறோம். திக்குகிறவனைக் கணக்கு எழுதச் சொல்கிறோம். தவிர, அந்த மற்ற மூன்று பேரும் லீவு போட்டு, கைக்காசு செலவழித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பத்தாவது சுற்று அவர்களுக்கும் ஒரு ஆசைதான். அதை அற்பம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றின் எண்ணிக்கைதான் பெரிது என்றால், நாலு பேரும் இரண்டு சக்கரத்தில் வந்திருக்கலாமே? பத்து என்ன, அதற்கு மேலேயே போட்டிருக்கலாம். இன்னொரு சக்கரத்தை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், "வேகம் போதாது" என்று ஒரு மனுஷனை உட்கார வைப்பதில் ஏதோ இடிக்கிறது.

பெர்னார்ட் சூட்ஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர், கனடாவில் வேலை பார்த்தவர். விளையாட்டு என்றால் என்ன என்பதற்காக 1978ல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். எறும்பு வெட்டுக்கிளிக் கதையில் வரும் அந்த வெட்டுக்கிளிதான் அதில் கதாநாயகன். அவர் சொல்வதன் சாரம் எளிமையானது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் போட வேண்டும் என்றால் கையில் எடுத்துப்போய்ப் போடுவதுதான் சுலபம். ஆனால் நாம் குச்சியால் தட்டித் தட்டித்தான் போடுவேன் என்கிறோம். சுலபமான வழியை நாமாகவே விட்டுவிட்டு, கஷ்டமான வழியை விரும்பி எடுத்து, அதற்குள்ளே உயிரைக் கொடுத்து முயல்கிறோம். அதுதான் விளையாட்டு.

இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதுதான் தொல்லை. "கஷ்டத்தை நாமாக ஏற்றது உண்மை, ஏற்ற பிறகு முழு மூச்சாக முயல வேண்டாமா? முயலாமல் சும்மா சுற்றி வந்தால் அது பிக்னிக்" என்று மூன்று பேரும் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. கணக்கே பார்க்காத பந்தயம் பந்தயமே இல்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்கிறவர் பரீட்சை எழுதியதே இல்லை.

அப்படியானால் எது அந்த மூவரைத் தடுக்கிறது?

எனக்குத் தோன்றுவது இது. இந்த விளையாட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய உதவி கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. சாலை சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்குச் சுமை குறையும். படகில் ஒருவன் அசந்தால் மற்றவன் இரண்டு துடுப்பு சேர்த்துப் போடுவான். இங்கே பாதையில் ஒரே ஆள். அவர் பேலன்ஸை அவர்தான் பிடிக்க வேண்டும்; எந்தச் சிநேகிதனாலும் முடியாது. அப்படியென்றால் அணி என்பது எங்கே இருக்கிறது? கோட்டருகே நிற்பதில் இருக்கிறது. குளிரில், தூக்கக் கலக்கத்தில், இன்னும் வரவில்லையே என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அதில். ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது ஒரே நிறச் சட்டை போட்ட நாலு தனி ஆட்கள்.

நம் பாஷையில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. முறை. "இப்போ உன் முறை" என்கிறோம். அது டர்ன். "இது முறையில்லை" என்றால் அநியாயம். "என்ன முறை வேணும்?" என்று கேட்டால் சொந்தபந்தம். வள்ளுவர் ராஜாவின் நீதிக்கும் முறை என்றுதான் எழுதினார். வரிசையும் நியாயமும் உறவும் ஒரே சொல்லில் எப்படி வந்து குடியேறின என்று மொழி தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சியவர்களுக்கு இது புரிந்திருக்கும். ஒருவன் முறையைத் தாண்டி மடையைத் திருப்பினால் போவது தண்ணீர் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இருந்தாலும் சங்கடமான கதைதான்.

2002 மார்ச் கடைசி ராத்திரி. கல்லூரி முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த புதிது. மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் ஸ்டாக் எண்ண நாலு பேர் போனோம். நாங்கள் மூன்று பையன்கள். கூட, ஆபீஸின் பழைய கணக்கர் ஒருவர். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். பேரிங், கேஸ்கெட், பிஸ்டன் ரிங் என்று அலமாரி அலமாரியாக இருந்தது. ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டோம். காலையில் கடை திறப்பதற்குள் முடிக்க வேண்டும். நாங்கள் மடமடவென்று எண்ணித் தள்ளினோம். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணுவார். எண்ணிவிட்டு விரலை நக்கித் தாளைப் புரட்டுவார். எரிச்சலாக வரும்.

இரண்டு மணிக்கு, "தம்பி, அரை மணி கண்ணசர்றேன். ரெண்டரைக்கு எழுப்பி விடு" என்று சாக்கு மூட்டைமேல் படுத்தார். நான் எழுப்பவில்லை. பாவம், பெரியவர், தூங்கட்டும் என்று நினைத்தேன். முடியட்டும், சீக்கிரம் கிளம்பலாம் என்றும் நினைத்தேன். எந்த நினைப்பு முதலில் வந்தது என்று இன்றுவரை என்னிடம் கேட்டால் நிஜமான பதில் சொல்ல முடியாது. அவருடைய அலமாரிகளையும் நாங்களே எண்ணி, தாளில் எண்ணியவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தோம்.

ஐந்தரைக்கு அவராகவே எழுந்தார். "எல்லாம் முடிஞ்சிருச்சு சார், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று பெருமையாக நீட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார். "எழுப்பச் சொல்லியிருந்தேனேப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணாததுல எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார். கோபமே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் அலமாரியின் முதல் தட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் முதல் பஸ்ஸுக்குப் போகாமல், வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வித்தியாசம் ஏதாவது வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. எங்கள் எண்ணிக்கை அத்தனையும் சரி. அதனாலேயே பல வருஷம் நான் செய்தது சரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். "பிடிவாதக்காரர்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதும் அவரை எழுப்பாதது தப்பு என்பதும் இரண்டு வேறு கணக்கு என்பது புரிவதற்கு எனக்கே நரை வர வேண்டியிருந்தது.

யூனிசைக்கிளுக்குத் திரும்பலாம். நாலாமவரை எழுப்பாமல் விடுகிறவர்கள் அதை அன்பு என்றுதான் சொல்வார்கள். "நல்லா தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரலை." காலையில் அவருக்குக் காபியும் கொடுத்து, "பத்து சுற்று!" என்று முதுகிலும் தட்டுவார்கள். அவரும் சிரிப்பார், வேறு என்ன செய்ய முடியும்? அன்பு என்ற பெயரில் வரும்போது கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. நேராக வந்து "நீ மெதுவா ஓட்டறே, உட்காரு" என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

சரி, எழுப்பிக் கேட்டுவிட்டால் போயிற்றா? "போறீங்களா, இல்லே நாங்க போகட்டுமா? நீங்க தூங்கினா ஒரு சுற்று கூடும்..." நாலேகால் மணிக்குக் குளிரில், அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் இப்படிக் கேட்டால் அது கேள்வியா? பதிலைக் கையில் கொடுத்துவிட்டு வாயால் சொல்லச் சொல்வது. "நீங்களே போங்கப்பா" என்றுதான் அவர் சொல்வார். அவரே சொன்னார் என்று நாமும் நிம்மதியாகப் போய்விடலாம். வீட்டுப் பெரியவர்களிடம் நாம் கேட்கிற கேள்விகளில் பாதி இந்த ரகம்.

அப்படியானால் எப்போதுதான் கேட்பது? முதல் நாள் ராத்திரி, எல்லோரும் விழித்திருக்கும்போது, வயிறு நிறைந்திருக்கும்போது. இன்னொரு பந்தயத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2008 ஜூனில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 'ரைடு தி லாப்ஸ்டர்' என்று ஒன்று நடந்தது. யூனிசைக்கிளுக்கு மட்டுமேயான தொடர் பந்தயம். மலைப்பாதை இல்லை, சாலை. 800 கிலோமீட்டர், ஐந்து நாள், அணிக்கு மூன்று பேர், ஒரு நேரத்தில் ஒருவர். இப்படிப்பட்ட பந்தயத்தில் மூன்று பேர் உட்கார்ந்து, "யாருக்குக் கால் நல்லா இருக்கோ அவர் கூட ஓட்டட்டும்" என்று முன்னாலேயே பேசிக்கொண்டால் அதில் ஒரு தப்பும் கிடையாது. குறைவாக ஓட்டியவரும் முழு ஆள்தான். ஏனென்றால் அந்த ஏற்பாட்டில் அவரும் ஒரு கை. மோப் மாதிரி இடத்திலும் நாலு பேரும் அப்படிப் பேசியிருந்தால் நம் நாலாமவர் நிம்மதியாகத் தூங்கலாம்; நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க வேண்டாம்.

பேசாமல் விட்டிருந்தால்?

பி.காம். படித்ததில் இன்னும் மறக்காமல் இருப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்று 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். பங்காளிகள் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதன்படி. போடவில்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபங்கு, கெட்டிக்காரருக்குக் கூட, மந்தமானவருக்குக் குறைவு என்று கிடையாது. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பிரிவு. தொழிலை நடத்துவதில் பங்கெடுத்துக்கொள்வது ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை என்கிறது. கூடவே சிரத்தையாக உழைக்க வேண்டியது கடமை என்றும் சொல்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது, வேலை செய்வது உரிமையா, என்ன பைத்தியக்காரச் சட்டம் என்று நினைத்தேன். லாபத்தில் பங்கு கொடுத்துவிட்டு வேலையில் சேர்க்காமல் வைப்பதும் ஒரு அநியாயம் என்று, யாரோ கோட்டு போட்ட ஆசாமிகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இப்போது நினைத்தால் மரியாதை வருகிறது. நாலாமவருக்குப் பத்தில் பங்கு உண்டு, நாலேகாலுக்கு எழுந்திருக்க மட்டும் வேண்டாம் என்பது அந்தப் பிரிவுக்கு ஒத்துவராது.

காய்ச்சல், காலில் அடி என்றால் பேச்சே வேறு. அதையும் எழுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கணக்கில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். செலவுப் பக்கம் மட்டும் எழுதி வரவுப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நாலாமவர் போகவில்லை என்றால், நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியது முதலாமவர். அவர் ராத்திரி பன்னிரண்டேகாலுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார். நாலாமவர் போனாலோ, முதலாமவருக்குக் காலை எட்டு மணிவரை நேரம் இருக்கிறது. மெதுவாக ஓட்டுகிறவர் மெதுவாக ஓட்டுகிற அந்த மூன்றே கால் மணி நேரமும் மற்ற மூன்று பேரின் தூக்கம். அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. சுற்றை எண்ணுகிறவர்கள் தூக்கத்தை எண்ணுவதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் அந்த மூவரில் ஒருவனாக இருந்தால் எழுப்புவேனா என்று கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாக்கு மூட்டை பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் மூளை எவ்வளவு சாமர்த்தியமாகக் காரணம் எடுத்துக் கொடுக்கும் என்பது தெரியும்.

அதனால் யோசிக்க இடம் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். நாலேகாலுக்கு அலாரம். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒன்பதா பத்தா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. சூடாக ஏதாவது கையில் கொடுத்து, ஹெல்மெட் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மணல் எந்த இடத்தில் ஆழமாக இருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். மோபில் அக்டோபர் நடுவில் சூரியன் உதிக்க ஏழரை ஆகும். இருட்டில் கிளம்புகிறவர் வழியில் எங்கேயோ விளக்கை அணைத்துவிட்டு, தன் நிழலைச் செம்மணலில் முதல் தடவையாகப் பார்ப்பார். எட்டு மணிக்கு அவர் வரும்போது முதலாமவர் ஷூ லேஸ் கட்டி, வண்டியோடு கோட்டில் நிற்க வேண்டும். ஒன்பதாவது சுற்று அவருடையது.